கோட்டையா, சுங்கச்சாவடியா?

ஜெர்மனியின் ரைன் நதியில் பிங்கனிலிருந்து கோப்ளென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர் படகில் போகிறவர்கள் செல்பேசியைக் கீழே வைப்பதில்லை. வளைவுக்கு வளைவு கோட்டை, சரிவெங்கும் திராட்சைத் தோட்டம். 2002-ல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால், இந்தக் கோட்டைகளில் பல அழகுக்காக எழுந்தவை அல்ல. வணிகப் படகுகளை மறித்து வரி பிடுங்க எழுந்தவை. காவ்ப் ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுவில் பாறைத்திட்டு மேல் ஒரு வெள்ளைக் கோட்டை நிற்கிறது. வெள்ளத்தையும் பனிக்கட்டியையும் கிழிக்க, அதன் கூர்முனை நீரோட்டத்தை எதிர்த்து நீண்டிருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்தச் சாவடி, 19-ஆம் நூற்றாண்டு வரை வசூல் செய்தது. இன்று ராஜாக்கள் போய்விட்டார்கள், உழைப்பாளிகள் இருக்கிறார்கள். இயந்திரம் ஏற முடியாத செங்குத்துச் சரிவுகளில் இன்றும் கையால்தான் குலை பறிக்கிறார்கள். பலர் கட்டுப்படியாகாமல் தோட்டத்தைக் கைவிட்டும் விட்டார்கள். படகிலிருந்து பார்க்கும் அந்தத் தோட்டக் காட்சியைப் பிழைக்க வைத்திருப்பவர்களுக்குப் படகு டிக்கெட் காசு போய்ச் சேராது. போகிறவர்கள் பாஹராஹ் போன்ற ஊரில் இறங்கி ஓர் இரவு தங்குங்கள். திராட்சையை விளைவித்தவரிடமே காசு கொடுத்து ஒயின் வாங்குங்கள்.