கண்ணுக்கு மட்டும் தெரியும் கடற்கரை

வடிவமைப்புக் கல்லூரி ஒன்றில் படிப்பை முடிக்கும் மாணவர்கள் வைத்த கண்காட்சிக்கு நாங்கள் நால்வர் சென்றிருந்தோம். கல்லூரியின் பெயர் இங்கு வேண்டாம். நாங்கள் சொல்ல வருவது அந்த ஒரு கல்லூரியைப் பற்றியதன்று. வீட்டின் உட்புறத்துக்கான துணிகள் காட்சிக்கு இருந்தன. திரைச்சீலைகள், திண்டு உறைகள், கட்டில் விரிப்புகள், கூடவே சுவர்த்தாள்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அறையின் மூலையைப் போலத் தடுத்துக் கொடுத்திருந்தார்கள். அத்தகைய ஒரு மூலையின் முன்னால் எங்களில் ஒருவர் நின்றுவிட்டார். அவருக்குச் சொந்த ஊர் தேங்காய்ப்பட்டணம். அங்கே தொங்கிய பலகையில் அவருடைய ஊரின் பெயரே தொகுப்பின் தலைப்பாக எழுதப்பட்டிருந்தது.

தொகுப்பு அழகாகவே இருந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நேர்மை. மீன்வலையின் கண்களைப் பெரிதாக்கிச் சாம்பல் நீலத்தில் பரப்பிய திரைச்சீலை. அவ்வூர்க் கல் பள்ளிவாசலிலிருந்து எடுத்ததாகக் குறிப்பிட்டிருந்த ஒரு பூவைத் திரும்பத் திரும்ப அடுக்கிய சுவர்த்தாள். தென்னங்கீற்றின் நிழலைக் கோடுகளாக்கிய கட்டில் விரிப்பு. நடுவில் ஒரு சாய்வு நாற்காலி. அதன் துணியில் முறுக்கேறிய கயிற்றின் உருவம், இழை இழையாக, நிழலும் வெளிச்சமுமாக, டிஜிட்டல் முறையில் அச்சாகியிருந்தது. நண்பர் அதைத் தொட்டுப் பார்த்தார். வழுவழுப்பான பாலியஸ்டர். "எங்க உம்மா இதத் தொட்டுப் பாத்தா சிரிப்பா" என்றார். அவருடைய உம்மா கயிறு திரித்தவர்.

அந்தச் சிரிப்பின் பொருள் என்ன என்பதைப் பற்றி அன்று இரவு முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம்.

தேங்காயை உரித்தபின் எஞ்சும் மட்டையைக் குமரி மாவட்டத்தில் கதம்பை என்பார்கள். பச்சைக் கதம்பையை உப்பும் நன்னீரும் கலந்த காயல் நீரில் ஆறு முதல் பத்து மாதம் வரை அழுகப்போடுவது மேற்குக் கடற்கரையின் நெடுநாள் வழக்கம். நாரோடு நாரை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை நீரிலுள்ள நுண்ணுயிர்கள் கரைத்துத் தீர்க்க அத்தனை காலம் பிடிக்கிறது. வெளியே எடுக்கும்போது எழும் நாற்றத்தை அறிந்தவர்கள் ஆயுளுக்கும் மறப்பதில்லை. பிறகு கட்டையால் அடித்துத் தும்பு பிரித்து, உலர்த்தி, ராட்டில் திரிப்பார்கள். ஒருவர் ராட்டைச் சுற்ற, திரிக்கும் பெண்கள் தும்புக் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, விரல்களால் தும்பை விட்டபடியே பின்னோக்கி நடந்து செல்வார்கள். ஒவ்வொரு இழையும் ஒரு திசையில் முறுக்கேறும். பின்னர் இரண்டையும் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கும்போது ஒன்று அவிழ முயலும் விசையை மற்றொன்று பிடித்து நிறுத்திவிடுகிறது. கயிற்றின் மேல் நாம் காணும் சாய்கோடு, இரண்டு எதிர்விசைகள் சமாதானமடைந்த இடம். நாற்காலித் துணியில் இருந்தது அந்தச் சாய்கோட்டின் புகைப்படம் மட்டுமே. அதில் விசை ஏதுமில்லை. உட்கார்ந்தால் முதுகில் உறுத்தாது என்பது வேண்டுமானால் அதன் நற்குணம்.

கயிற்று வணிகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாரின் நிறத்தையும் முறுக்கின் இறுக்கத்தையும் இழையின் பருமனையும் சேர்த்து ஊரின் பெயரால் அழைப்பார்கள்: அஞ்சுதெங்கு, வைக்கம், ஆலப்பாடு, பேப்பூர். திரித்தவளின் பெயர் அங்கும் இல்லைதான். ஆயினும் ஓர் ஊரின் பெயர் ஒரு குறிப்பிட்ட கைப்பழக்கத்தைக் குறித்தது. அப்பெயரைச் சொன்னால் வாங்குபவனுக்குத் தன் கைக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். கண்காட்சிப் பலகையிலிருந்த தேங்காய்ப்பட்டணம் என்ற பெயர் எதைக் குறித்தது? கடலின் நீலத்தையும் வலையின் வடிவத்தையும். அப்பெயரை எடுத்துவிட்டு வேறெந்தக் கடலோர ஊரின் பெயரை வைத்தாலும் ஒரு நூலிழைகூட மாறப்போவதில்லை.

நம் இலக்கிய வாசகர்களுக்கு அந்த நாற்காலி வேறொன்றையும் நினைவூட்டியிருக்கும். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து 2019-இல் மறைந்த தோப்பில் முஹம்மது மீரானுக்கு 1997-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத்தந்த நாவலின் பெயரே 'சாய்வு நாற்காலி'. அதில் முஸ்தபாக்கண்ணு நாற்காலியை விட்டு எழுவதில்லை. முன்னோர் சேர்த்துவைத்த வீட்டுப் பொருட்கள் ஒவ்வொன்றாக விலைபோகின்றன. பெண்களை அடிப்பதற்கென்றே அவ்வீட்டில் ஒரு பிரம்பு இருக்கிறது. அவ்வூர் வீடொன்றின் உட்புறத்தை இவ்வளவு நெருக்கமாக வேறெந்தத் தமிழ்ப் பிரதியும் காட்டியதாக எங்களுக்கு நினைவில்லை. உட்புறம் என்பது வண்ணம் பூசக் காத்திருக்கும் வெற்றுச் சுவரன்று, யார் உட்காரலாம் யார் நிற்க வேண்டும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்ட இடம் என்பதை அந்நாவலைப் படித்தவர்கள் அறிவார்கள். மாணவர் அதைப் படித்திருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தவில்லை. ஓர் ஊரின் வீடுகளுக்குள் நுழையாமலேயே அவ்வூரின் பெயரில் வீட்டுத் துணி செய்ய முடிகிறது என்பதுதான் வியப்பு.

இதில் சட்டமும் ஒரு கை கொடுக்கிறது. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டம் உருவம், கோலம், அலங்காரம், கோடுகளும் வண்ணங்களும் கூடிய அமைப்பு ஆகியவற்றுக்கு, அவை கண்ணால் மட்டுமே மதிப்பிடப்படுபவை என்ற வகையில், பாதுகாப்புத் தருகிறது. கட்டுமான முறையையோ அதன் தத்துவத்தையோ அது வெளிப்படையாகவே விலக்கிவைக்கிறது. புதிய கோலமாக இருந்து பதிவு செய்துகொண்டால் பத்தாண்டு உரிமை, பின்பு மேலும் ஐந்தாண்டு நீட்டிப்பு. ஆக, கயிற்றைப் பார்த்து வரைந்த கோலத்துக்கு ஒருவர் உரிமையாளராகலாம். கயிற்றை முறுக்கும் முறைக்கு அச்சட்டத்தில் இடமில்லை. சட்டம் இயற்றியவர்களைக் குறைசொல்ல முடியாது. கட்டுமான முறையை ஒருவரின் உடைமையாக்கினால் ஊரில் எவரும் கயிறு திரிக்க முடியாமல் போகும். ஆனால் சட்டத்தின் இந்த எல்லைக்கோட்டையே கல்லூரிகள் தங்கள் பாடத்தின் எல்லையாகவும் ஏற்றுக்கொண்டுவிட்டன என்பது எங்கள் குற்றச்சாட்டு. கண்ணால் மட்டுமே மதிப்பிடப்படுவதையே அவை கற்பிக்கின்றன, அதற்கே மதிப்பெண்ணும் தருகின்றன.

படிப்பின் இறுதி வேலையாக உட்புறத் துணி செய்வது இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஜெர்மனியின் பவ்ஹவுஸ் பள்ளியில் அன்னி ஆல்பர்ஸ் 1930-இல் பட்டயம் பெற்றார். பெர்னாவ் என்னும் ஊரில் தொழிற்சங்கங்களுக்காக ஹான்னஸ் மேயர் கட்டிய பள்ளியின் கூட்ட அரங்குக்கு அவர் நெய்த சுவர்த்துணிதான் அவருடைய பட்டய வேலை. அரங்கில் எதிரொலி இருந்தது, வெளிச்சம் போதவில்லை. துணியின் பின்புறத்தில் ஒலியை உறிஞ்சும் செனீல் நூல், முன்புறத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் செல்லோபேன். அவ்வளவுதான். அதன் அழகு அந்த இரண்டு இழைகளும் பின்னிக்கொண்ட விதத்திலிருந்து தானாகப் பிறந்தது. (அப்பள்ளியில் பெண்களைப் பெரும்பாலும் தறிப்பக்கமே அனுப்பினார்கள் என்பதும், ஆல்பர்ஸ் விரும்பித் தறிக்கு வந்தவரல்லர் என்பதும் இன்னொரு கதை.)

தேங்காய்ப்பட்டணத்தின் வீடு அப்படி எந்தக் கேள்வியையும் கேட்கவில்லையா? குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கடலோர வீட்டில் உப்புக்காற்று எதையும் முழுதாக உலரவிடாது. பருத்தித் திரைச்சீலையில் பூஞ்சைக் கரும்புள்ளி விழுகிறது. கான்கிரீட் கூரையின் கீழ் மத்தியானம் இருக்க முடிவதில்லை. கடல் இரைச்சல் இரவில் ஓய்வதில்லை. ஈரத்தைத் தாங்குவதும், ஒலியை விழுங்குவதும், வெப்பத்தைத் தடுப்பதும் தேங்காய் நாரின் இயல்புகள். கேள்வியும் அங்கே இருக்கிறது, பதிலின் மூலப்பொருளும் அதே கரையில் கிடக்கிறது. நடுவே ஒரு மாணவர் புகைப்படக் கருவியோடு வந்து போயிருக்கிறார்.

நம் வடிவமைப்புக் கல்வி தொடங்கிய புள்ளியிலும் இத்தகைய கேள்விகளே இருந்தன. 1958-இல் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில் ஒரு சொம்பைப் பற்றிய பகுதி புகழ்பெற்றது. எவ்வளவு நீர் பிடிக்க வேண்டும், யாருடைய கை அதைத் தூக்கும், இடுப்பிலா தலையிலா, ஊற்றும்போது எப்படி ஒழுகும் என்று அது கேட்டுக்கொண்டே போகிறது. அந்த அறிக்கையின் வழியில்தான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. இன்று ஒரு மாணவரிடம் சொம்பைக் கொடுத்தால் அதன் வெளிவளைவைக் கோட்டுருவமாக்கித் திண்டு உறையில் அடுக்கிவிடுவாரோ என்று அஞ்சுகிறோம்.

எங்களை மறுப்பவர்கள் சோழமண்டலக் கரையைக் காட்டுவார்கள், காட்டவும் வேண்டும். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் படுக்கையறைகளை நிறைத்த எழுத்துத் துணிகள் மேற்பரப்பில் வரைந்தவைதாமே? அவற்றின் கோலங்களில் பல வாங்குபவர்கள் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து வரைந்தவைதாமே? உள்நாட்டு நெசவைக் காக்க 1686-இல் பிரான்சும் 1721-இல் இங்கிலாந்தும் தடைச்சட்டம் போடுமளவுக்கு அவை பரவவில்லையா? உண்மை. கோலங்கள் பயணம் செய்யும், இரவல் போகும், அவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பது வீண். ஆனால் அத்துணிகளின் மேற்பரப்பு வெறும் மேற்பரப்பன்று. சிவப்புக்குப் படிகாரம், கறுப்புக்கு இரும்பு என்று காரப்பொருளைத் தடவி, சாயத்தில் தோய்த்து, வெயிலும் நீரும் கொடுத்துத் தேற்றிய நிறம் அது. இழைக்குள் இறங்கிப் பிடித்ததால்தான் துவைத்தும் நின்றது. அந்தக் கோலம் வேதியியல். பாலியஸ்டர் மேல் ஒட்டிய கயிற்றுப் படத்தோடு அதை ஒரே தட்டில் வைப்பது எங்களுக்குச் சம்மதமில்லை.

சுதந்திரத்துக்குப் பின் ஓவியர்களைத் தறியின் பக்கத்தில் உட்காரவைத்த முயற்சியும் நடந்திருக்கிறது. 1956-இல் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்களில் ரெட்டப்ப நாயுடு, பிரபாகர் பார்வே போன்ற ஓவியர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள், கே.ஜி. சுப்பிரமணியன் கைத்தறி வாரியத்தின் வடிவமைப்புப் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தார். சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966-இல் எழுந்தபோது அதன் ஓவியர்கள் பாத்திக் துணி செய்து விற்று வயிறு வளர்த்தார்கள். அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட மாட்டோம். அங்கும் வரைந்தவர் பெயர் நின்றது, நெய்தவர் பெயர் நிற்கவில்லை. ஆயினும் தாளில் வரைந்தது பாவில் ஏறாதபோது உடனே சொல்வதற்கு நெசவாளர் ஒருவர் பக்கத்திலேயே இருந்தார். மாணவரின் மூலையில் 'முடியாது' என்று சொல்ல யாருமில்லை. டிஜிட்டல் அச்சுப்பொறி எதையும் மறுப்பதில்லை.

மாணவர்களின் மேல் எங்களுக்குக் கோபமில்லை. கடைசிப் பருவத்தின் சில மாதங்களில் இடம் தேர்ந்து, போய் வந்து, வரைந்து, துணியாக்கி, அதைப் பற்றி ஒரு புத்தகமும் தயாரித்தாக வேண்டும். அந்த அவகாசத்தில் ஒரு கதம்பைகூட ஊறாது. வேலை தரப்போகும் நிறுவனத்துக்கும் திரையில் காட்டத்தக்க கோலங்களே வேண்டும். ஆனால் தேர்வு செய்யும் ஆசிரியர்கள் இரண்டு காரியங்களையாவது செய்திருக்கலாம்: துணியைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்திருக்கலாம், தலைப்பில் எந்த ஊர் இருக்கிறதோ அவ்வூரிலிருந்து தொழில் தெரிந்த ஒருவரை, பயணப்படி கொடுத்து, மதிப்பெண் போடும் அதிகாரத்தோடு மேசைக்கு அழைத்திருக்கலாம். நண்பரின் உம்மாவைப் போன்ற ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் அந்த நாற்காலிக்கு என்ன மதிப்பெண் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தோம்.

அதே கண்காட்சியில், கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒதுக்கப்பட்ட ஒரு சிறு மூலையில், இன்னொரு மாணவியின் தொகுப்பு இருந்தது. தொகுப்பு என்று சொல்லுமளவுக்கு ஒன்றுமில்லை, மூன்றே தரைவிரிப்புகள். சாயமில்லாத தேங்காய்நார்க் கயிறு ஊடை, பருத்திப் பாவு. ஒன்றில் முறுக்கைத் தளர்த்தியும் இன்னொன்றில் இறுக்கியும் திரித்த கயிறுகளை மாற்றி மாற்றி நெய்திருந்தாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மட்டும் அதில் அலைபோல ஒன்று தெரிந்தது, நேரே பார்த்தால் மறைந்தது. பலகையில், கயிறு திரித்த இரண்டு பெண்களின் பெயர்களும் அவர்களுக்குக் கொடுத்த கூலியும் எழுதப்பட்டிருந்தன. குனிந்தபோது மிக மெலிதாக அந்தப் பழைய காயல் வாடை அடித்தது. நண்பர் நெடுநேரம் குனிந்தே இருந்தார். அவளுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை என்று பிறகு அறிந்தோம்.

அவற்றில் ஒன்றை நாங்கள் நால்வரும் பணம் போட்டு வாங்கினோம். இப்போது அது தேங்காய்ப்பட்டணத்தில் நண்பரின் வீட்டு வாசலுக்கு உட்புறம் கிடக்கிறது. ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. கயிறு அப்படியே இருக்கிறது. பருத்திப் பாவுதான் ஓரத்தில் நைந்து, கால் அதிகம் படும் இடது மூலையில் மூன்று விரல் அகலத்துக்குப் பிரிந்துவிட்டது. பாவுக்கும் கயிற்றையே போட்டிருக்கலாம் என்று உம்மா சொல்கிறாராம். மூலையைப் படமெடுத்து, அவர் சொன்னதையும் சேர்த்து, மாணவிக்கு எழுதியிருக்கிறோம்.