மந்திரி இருந்தார், போலீஸ் அவரிடம் இல்லை

"ஓட்டு, சட்டசபை, மந்திரி எல்லாம் வெள்ளைக்காரன் குடுத்துட்டுப் போனதுதானுங்க?" திருப்பூர் டீக்கடையில் மட்டுமல்ல, படித்தவர்கள் மத்தியிலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. குமரன் பெயரில் சாலை இருக்கும் ஊரில் இதைக் கேட்கக் கோபம் வருகிறது.

1932 ஜனவரி 10. காந்தி கைதாகி ஆறாவது நாள். தடையை மீறிக் கொடியேந்தி வந்த ஊர்வலத்தைப் போலீஸ் தடியால் அடித்தது. மண்டை உடைந்தும் குமரன் கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் போயிற்று. வயது 27. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அன்று சென்னையில் யார் ஆட்சி என்று எவரும் கேட்பதில்லை. தேர்தலில் வென்ற நீதிக்கட்சி மந்திரிசபை இருந்தது. முதல் மந்திரி முனுசாமி நாயுடு, நம்மவர். அந்தத் தடியை அவரால் தடுத்திருக்க முடியாது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரட்டையாட்சியில் கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி மந்திரிகளுக்கு; போலீஸ், நிதி, நிலவரி கவர்னருக்கும் அவருடைய நிர்வாக சபைக்கும். கவர்னர் பதில் சொல்ல வேண்டியது லண்டனுக்கு. ஓட்டும் சொத்து, வரி உள்ளவர்களுக்குத்தான்.

அந்தக் காலச் சட்டசபையில் நல்லது நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். பெண்களுக்கு ஓட்டு வேண்டுமா என்பதை லண்டன் தானே தீர்மானிக்காமல் மாகாணங்கள் தலையில் கட்டியது. 1921இல் சென்னைச் சட்டசபை அதைக் கொடுத்தது. அந்தப் பெருமை அங்கே கைதூக்கிய நம் உறுப்பினர்களுக்கு உரியது, மன்னருக்கு அல்ல.

துணியை நம்பிப் பிழைக்கும் நாம் இன்னொன்றையும் மறக்கலாகாது. லங்காஷயர் முதலாளிகளுக்காக 1896இல் இந்திய மில் துணி மேல் 3.5 சதவீத வரி போட்டார்கள். பம்பாய் மில் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த பிறகே, 1925 டிசம்பரில் அது நீங்கியது. மனமிரங்கி எதையும் விட்டுக்கொடுத்தவர்கள் அல்ல அவர்கள்.

1937இல் வந்த மாகாண சுயாட்சியின் கதி என்ன? 1939இல் நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் இந்தியாவை யுத்தத்தில் இறக்கினார் வைஸ்ராய். ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. 1946 வரை கவர்னரே ஆண்டார்.

இந்தியாவில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று லண்டனில் போட்ட எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொன்னது நம் அரசியல் சாசனம். சொத்தும் படிப்பும் இல்லாத பனியன் கம்பெனித் தொழிலாளி தன் மந்திரியைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போட்டது 1952 தேர்தலில்தான்.