தீயணைப்பு வண்டி யார் சொத்து?

தீப்பிடித்தால் போன் செய்வோம், மணியடித்துக்கொண்டு வண்டி வரும், சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்கள் இறங்கி அணைப்பார்கள். நமக்குத் தெரிந்த கதை இதுதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பெரிய ஊர்களைத் தாண்டிவிட்டால் கதையே வேறு. வண்டியிலிருந்து இறங்குபவர் பக்கத்துப் பண்ணைக்காரராக இருப்பார், அல்லது பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பார். சம்பளம் ஒரு பைசா கிடையாது. கிராமப்புறத் தீயணைப்புச் சேவையில் இப்படி 70,000-க்கும் அதிகமான தன்னார்வலர்கள், ஏறத்தாழ 2,000 படைகளாக இருக்கிறார்கள்.

2019-20 கோடையில் அந்த மாநிலமே எரிந்தபோது உலகம் இவர்களைத் திரும்பிப் பார்த்தது. நகைச்சுவை நடிகை செலஸ்ட் பார்பர் 30,000 டாலர் திரட்டலாம் என்று ஃபேஸ்புக்கில் உண்டியல் வைத்தார். சேர்ந்தது 5 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல்! அதே பருவத்தில் சில படைகள் புகையைத் தடுக்கும் முகமூடி வாங்கக்கூடத் தாங்களே நிதி திரட்டிக் கொண்டிருந்தன.

பணம் போய்ச் சேர்ந்தது படைகளுக்கான அறக்கட்டளை ஒன்றில். கருவி, பயிற்சி, படையின் நிர்வாகச் செலவு, இவ்வளவுதான் அதன் பத்திரத்தில் இருந்தது. வீடிழந்தவர்களுக்கும், காயம்பட்ட விலங்குகளுக்கும், பக்கத்து மாநிலத்துக்கும் கொடுங்கள் என்று பணம் போட்டவர்களில் பலர் கேட்டார்கள். முடியாது என்று 2020 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காயமடைந்த வீரர்களுக்கும், இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உதவலாம் என்று வழிவிட்டது. தீர்ப்பில் தப்பில்லை. பத்திரத்தைப் படிக்காமல் பணம் போட்டால் நீதிபதி என்ன செய்வார்?

ஆனால் இது ஒரு வருடத்துக் கூத்து. வருடா வருடம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் உண்மையான சிக்கல். பல ஆண்டுகளாக இருந்த ஏற்பாடு இது: காப்பீட்டு நிறுவனங்கள் 73.7 சதவீதம், உள்ளாட்சி மன்றங்கள் 11.7, மாநில அரசு 14.6. கம்பெனிகள் தங்கள் பங்கைப் பிரீமியத்தில் ஏற்றிவிடும். ஆக, வீட்டுக்குக் காப்பீடு எடுத்தவர் பணம் கட்டுவார், எடுக்காதவர் வீட்டுத் தீயும் அதே பணத்தில் அணையும். 2017-ல் இதைச் சொத்து வரியோடு சேர்க்கச் சட்டமே போட்டுவிட்டு, அமலுக்கு வர ஒரு மாதம் இருக்கும்போது அரசு பின்வாங்கியது.

இனி வண்டிக்கு வருவோம். (காமர்ஸ்காரர்கள் நிமிர்ந்து உட்காரலாம்.) 1997-ஆம் வருடச் சட்டத்தின் 119-ஆம் பிரிவுப்படி, இந்த நிதியில் வாங்கும் வண்டி உள்ளாட்சி மன்றத்தின் சொத்து. எந்த வண்டி வாங்குவது, தீ நேரத்தில் எங்கே அனுப்புவது என்பதையெல்லாம் முடிவு செய்வது தீயணைப்புச் சேவை. சொத்து என்றால் அதன்மேல் கட்டுப்பாடு வேண்டும் என்றுதானே கணக்குப்பதிவியலில் படித்தோம்? சட்டப்படி உங்களுடையது, ஏடுகளில் ஏற்றுங்கள், தேய்மானம் எழுதுங்கள் என்றார் மாநிலத் தலைமைத் தணிக்கையாளர். பல மன்றங்கள் மறுத்தன. அவற்றின் கணக்குகளுக்குக் குறையோடுதான் தணிக்கைச் சான்று கிடைத்தது.

தேய்மானத்துக்காக யாரும் கையிலிருந்து காசு எண்ணி வைப்பதில்லை, வெறும் ஏட்டுச் செலவுதானே என்று கேட்கலாம். சிறு ஊர் மன்றத்துக்கு அந்த ஏட்டுச் செலவே போதும், வருடக் கணக்கு பற்றாக்குறையில் விழ. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் மாட்டை ஓட்டுபவர் ஒருவர், தீனிக்கணக்கு எழுதுபவர் இன்னொருவர் என்றால்? யார் ஓட்டுகிறாரோ அவர் பெயரில் இருக்கட்டும். மன்றங்கள் பல வருடமாகக் கேட்டது இதைத்தான், அதுதான் நியாயமும்.

இத்தனை சண்டையும் லாரிக்கு. அதில் ஏறிப் போகிறவரின் உழைப்பு எந்த ஏட்டிலும் கிடையாது. 2019 டிசம்பர் 30 அன்று ஜிங்கெலிக் அருகே, தீயே கிளப்பிய சூறைக்காற்று ஒரு பெரிய தீயணைப்பு லாரியைக் கவிழ்த்துப் போட்டது. ஒரு தன்னார்வலர் இறந்தார். அதற்கு முந்தைய நாள்தான் மத்திய அரசு இழப்பீடு அறிவித்திருந்தது: சுயதொழில் செய்பவர்களுக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கும் நாளுக்கு 300 டாலர் வரை, மொத்தம் 6,000-க்கு மிகாமல். அதுவும் 10 நாளுக்கு மேல் களத்தில் நின்றிருந்தால்தான். சில வாரங்கள் முன்புவரை, அவர்கள் விரும்பித்தானே போகிறார்கள் என்ற தொனியில் பேசியவர்தான் அப்போதைய பிரதமர் ஸ்காட் மாரிசன்.

விரும்பித்தான் போகிறார்கள், சந்தேகமில்லை. பத்து நாள் பண்ணையில் பால் கறப்பது யார்? நெருப்பு வந்தபிறகு அவசரமாக அறிவித்த அந்தத் தொகையை ஒரு பருவத்தோடு விடாமல் சட்டமாக்க வேண்டும். பதினோராம் நாள் வரை காக்க வைக்காமல் முதல் நாளிலிருந்தே தர வேண்டும்.