கழிக்கு இறங்க ஆறடி வழி

முட்டுக்காட்டு உப்பங்கழி யாருடையது என்பதில் சட்டத்துக்குச் சந்தேகமே இல்லை. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ஆறு, ஏரி, ஓடை, கால்வாய் எல்லாம் அரசின் சொத்து. அந்தக் கழியோடு சேரும் பக்கிங்காம் கால்வாய், 2008 முதல் தேசிய நீர்வழி 4-இன் ஒரு பகுதி. கரையில் பட்டா வைத்திருக்கிறார் என்பதற்காக, தண்ணீரில் படகு விடாதே, இறால் பிடிக்காதே என்று ஒருவர் சொல்ல முடியாது. ஆனால் தண்ணீருக்குப் போய்ச் சேர நிலத்தின் மேல்தானே நடக்க வேண்டும்? அந்த நிலம் மதிலுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது.

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நாங்கள் அளந்ததெல்லாம் கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள தூரம். சவுக்குத் தோப்புக்குள் ஜனங்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடித் தடம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். புலப்படத்தில் பல இடங்களில் இருக்காது. தோப்பு தோப்பாக இருந்தவரை அதனால் தொல்லை இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) வந்தது, தோப்பு மனையானது, மனையில் பங்களா எழும்பியது. வாங்கியவரையும் குறை சொல்ல மாட்டேன். வில்லங்கம் பார்த்து, காசைக் கொட்டி வாங்கியவர். அவர் புரட்டிய எந்தத் தாளிலும் அந்த வழி இல்லை.

அந்த வழியில் நடந்தவர்களில் பலர் இருளர்கள். பெண்கள் இடுப்பளவு நீரில் குந்தியபடி, பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். நீர் வற்றியிருக்கும் சில மணி நேரம்தான் பிழைப்பு. நேராக இறங்கிய இடத்துக்குச் சாலையைச் சுற்றிப் பாலத்தடி வழியாக வர வேண்டுமென்றால், அந்த நேரத்தில் பாதி நடையிலேயே போய்விடும். அவர்களில் ஒரு அம்மா சொன்னார்: "முன்ன இருந்த வாச்மேன் விட்டுட்டு இருந்தாரு சார். இப்ப வந்தவரு ஆதார் கார்டு கேக்கறாரு."

தலைமுறையாக நடந்த வழி, இன்று ஒரு காவலாளியின் மனசைப் பொறுத்தது. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நீதிமன்றங்கள் இதில் தெளிவாகவே பேசியிருக்கின்றன. பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு விடுதிக்காக ஆற்றின் போக்கையே திருப்பிய வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம், ஆறும் கடற்கரையும் மக்களுக்காக அரசு காத்து நிற்கும் சொத்து, தனியாருக்குத் தூக்கிக் கொடுப்பதற்கில்லை என்றது. கோவாவில் வைங்கினிம் கடற்கரைக்குப் போகும் பழைய வழியை ஒரு விடுதி மறித்தபோது, 2009-இல் அந்த வழி மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே 20 மீட்டர் அகலத்தில் பொதுவழி விடச் சொல்கிறது.

ஆனால் கோவாவில் வழக்காடியவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றார்கள். கூலிக்கு இறால் தடவும் குடும்பம் எதை வைத்து நிற்கும்? 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில், 20 ஆண்டு தடையில்லாமல் நடந்த வழியைக் கேட்டு வாங்க இடமுண்டு. அந்த உரிமை ஒரு நிலத்தை அனுபவிப்பதற்காக இன்னொரு நிலத்தின் மேல் கிடைப்பது; மனைப்பட்டாவே இல்லாத குடிசைக்காரருக்கு அது எட்டாக்கனி. அதோடு, வழியை மறித்த இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். மிஞ்சுவது பொதுமக்களின் வழக்காற்று உரிமை. அதே சட்டம் அதில் கைவைக்காமல் விட்டிருக்கிறது. ஆனால் வழக்காறு என்று சொன்னால் சாட்சி வேண்டும். அந்தத் தடத்தில் நடந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வழி இருந்தது என்று நடந்தவர் நிரூபிக்கும் நிலை மாற வேண்டும். வழி இல்லை என்று மதில் கட்டுபவர் காட்டட்டும். கழியோரத்தில் கட்டட அனுமதி கொடுக்கும் முன், குப்பத்துப் பெரியவர்களையும் இருளர் குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு நில அளவரும் கிராம நிர்வாக அலுவலரும் அந்த இடத்தில் நடக்க வேண்டும். தடம் இருந்தால் அளந்து, புலப்படத்தில் ஏற்றி, கிராமசபையில் படிக்க வேண்டும். ஆறடி அகலம் போதும். தலையில் வலையோடு ஒருவர் வர, எதிரே ஒருவர் போகலாம். இருபுறமும் வேலி போட்டுக்கொள்ளும் உரிமை வீட்டுக்காரருக்கு இருக்கட்டும். குப்பை போடுவார்கள், குடித்துவிட்டு வருவார்கள் என்ற அவர்களின் பயம் நியாயமானதுதான். அதைப் பார்த்துக்கொள்வது ஊராட்சியின் வேலை. வழியை அடைப்பது அதற்குத் தீர்வாகாது.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகம் ஒரு உத்தரவு போட்டால், சர்வேயர்கள் கழியோரத்தை நடந்து முடித்துவிடலாம். அண்மையில் கேட் போட்ட இடங்களிலிருந்து அவர்கள் தொடங்க வேண்டும். அங்கெல்லாம், மனைப்பட்டா உள்ளவர்களுக்கு அந்த இரண்டாண்டுக் கெடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.