புரியைப் பிரித்துப் பார்!

சென்ற ஞாயிறு மாலை திரேஸ்புரம் கடற்கரையில் உலாவிக்கொண்டிருந்தேன். ஒரு வாலிபன் தன் ஃபைபர் படகுக்கு நீல வர்ணம் பூசிக்கொண்டிருந்தான். அவனுடைய பாட்டனார், விரற்கணுவால் படகின் முன்புறத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். சந்தையில் நம் வீட்டுப் பெண்மணிகள் மண்பானையைத் தட்டிப் பார்ப்பார்கள் அல்லவா, அப்படி! ஓரிடத்தில் ஒலி மந்தமாகக் கேட்டது.

"இதுக்கு மேல வர்ணம் பூசாதடா."

"கொஞ்சம் வெளுத்திருக்கு, அவ்வளவுதான் தாத்தா."

பெரியவர் கீழே கிடந்த பழைய கயிறு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "வாத்தியாரையா, இது எப்படி இருக்கு?" நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவர் முறுக்கைத் தளர்த்திப் புரிகளை விரித்தார். உள்ளே நார் அற்றுத் தூளாக உதிர்ந்தது!

"எங்கப்பா முத்துக் குளிக்கப் போனப்ப எங்க மாமாதான் கயிறு பிடிச்சாரு. போறதுக்கு முன்னாடி கயிறு முழுக்க இப்படிப் பிரிச்சுப் பார்ப்பாரு" என்றார்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். கல்லில் கால் ஊன்றிப் பல பாக ஆழம் இறங்குகிறவனுக்கும் மேலுலகுக்கும் உள்ள தொடர்பு கயிறு ஒன்றே. அதைப் பிடிப்பவன் மைத்துனனாக இருக்கவேண்டும் என்று இக்கரையில் சொல்வார்கள். உடன்பிறந்தாளின் தாலியை நினைத்தாவது அவன் கை தளராது. ஆனால், கயிற்றின் உட்புறம் தளர்ந்துவிட்டால்?

நீண்ட கயிற்றில் முழு நீள நார் ஒன்றுமில்லை. குட்டை நார்கள் முறுக்கினால் ஒன்றையொன்று நெருக்கிப் பற்றுவதால்தான் அது பாரம் தாங்குகிறது. 1638-இல் வெளியான தம் நூலில் கலிலியோ இதை ஆராய்ந்திருக்கிறார். அந்த நெருக்கமே தேய்மானத்துக்கும் காரணமாகிறது. ஒவ்வோர் இழுப்பிலும் நார்கள் சிறிது நகர்ந்து உராய்கின்றன. மணலும் உப்பும் புகுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஃபைபர் படகும் கயிற்றுக்கு உறவுதான். கண்ணாடி நாரைப் பிசினில் தோய்த்து இறுகவைத்த உடம்பு அது. இதே குலத்தில், நார்க்கற்றைகளைக் கூந்தல்போலப் பின்னிப் பிசின் ஊட்டிச் செய்யும் பொருள்களும் உண்டு. ஏர் இந்தியாவின் 787 விமான எஞ்ஜின்களில் முன்விசிறியைச் சூழ்ந்த உறை அத்தகையது. விசிறியின் அலகு முறிந்தால் வெளியே பாயாமல் தடுப்பது அதன் கடமை.

பின்னலில் ஒவ்வொரு கற்றையும் மற்றொன்றின் மேலும் கீழுமாக வளைந்து செல்கிறது. இழுத்தால் வளைவு நிமிர முயன்று, குறுக்கிடும் கற்றையை அழுத்தும். முதலில் விரிசல் காண்பது பிசின். அதிலும் இழுவிசைக்குக் குறுக்காகச் சாய்ந்த கற்றைகளில். ஏடு ஏடாக ஒட்டிய பொருளில் விரிசல் இரண்டு ஏடுகளுக்கிடையே ஓடிப் பிளந்துவிடும். பின்னலிலோ, அடுத்த கற்றையில் முட்டி நின்றுவிடும். பின்னலின் பெருமை இது; ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. ஒன்று நின்றால் வேறிடத்தில் இன்னொன்று தோன்றும். விரிசல்கள் பெருகப் பெருகப் பிசின் நாரைவிட்டு அகலும். பொருளின் விறைப்புக் குறையும். பாரம் நார்களின் தலையில் விழும். அவை ஒவ்வொன்றாக அறும்போது மிஞ்சியவற்றின் சுமை கூடும். முடிவில் ஒரு நொடியில் எல்லாம் அற்றுப்போகும். அமுக்கும் பாரமானால் வளைந்த கற்றைகள் மடங்கி ஒடியும்.

இதைக் கண்டறிய விஞ்ஞானிகள் பாரம் ஏற்றும்போது எழும் நுண்ணொலியைக் கருவியால் கேட்கிறார்கள். எக்ஸ்-ரேயால் உட்புறத்தைப் பார்க்கிறார்கள். நாணயத்தால் தட்டி ஒலி கேட்கும் முறையும் விமானப் பரிசோதனையில் உண்டு. நம் பெரியவரின் விரற்கணு செய்ததும் அதே பரிசோதனைதான்!

வாலிபனிடம் சொன்னேன்: "தம்பி, வர்ணம் போனதால் வெளுக்கவில்லை. உள்ளே எண்ணற்ற நுண்விரிசல்களில் ஒளி சிதறுகிறது. நீ அதை மூடிவிட்டால் நாளை யார் பார்ப்பது?"

"ரெண்டு நாள் தொழில் போயிருமே, சார்" என்றான்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. பிரிந்த கயிற்றை அவன் காலடியில் போட்டார். அவன் சிறிது நேரம் அதைப் பார்த்தான். பிறகு தூரிகையை வைத்துவிட்டு, பூசிய வர்ணத்தைச் சுரண்டத் தொடங்கினான்.