துண்டுப் பிரசுரமா, நாடகமா?

"பிரசாரம் இலக்கியமாகாது" என்னும் வாசகத்தைச் சாட்டையாகக் கையில் வைத்திருக்கும் விமர்சகர்கள் எல்லா நாடுகளிலும் உளர். அச்சாட்டை யார் முதுகில் விழுகிறது என்பதை நாம் சற்றே கவனித்தல் வேண்டும். அரசனுக்குப் பரணி பாடியவன் முதுகில் அது விழுவதில்லை. கூலிக்காரனின் குழந்தை ஏன் மாண்டது என்று கேட்டவர் முதுகைத்தான் அது தேடிச் செல்கிறது.

அமெரிக்கக் கவிஞரும் நாடகாசிரியருமான செர்ரி மொராகா அம்மையாரை எடுத்துக்கொள்வோம். 1952-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். தந்தை வெள்ளையர், தாய் மெக்சிகோ வழிவந்தவர். அவ்வழிவந்தோர் 1960-களில் தம்மைச் சிக்கானோ என்று தலைநிமிர்ந்து அழைத்துக்கொண்டனர். அச்சமூகப் பெண் சிக்கானா. வெள்ளைத் தோலுடன் பிறந்த மகள் வெள்ளையர் கூட்டத்தில் எளிதாகக் கலந்து மறைந்திருக்கலாம். அவர் மறையவில்லை. 1981-இல் குளோரியா அன்சால்துவாவுடன் சேர்ந்து, வெள்ளையரல்லாத பெண்களின் எழுத்துக்களைத் தொகுத்து வெளியிட்டார். 1983-இல் கவிதையும் கட்டுரையும் கலந்த தம் முதல் நூலைத் தந்தார்.

நாம் ஈண்டு வழக்காட முற்படுவது அவருடைய 'வீரர்களும் புனிதர்களும்' என்னும் நாடகத்தின் பொருட்டே. 1992-இல் சான் பிரான்சிஸ்கோவில் அது மேடையேறிற்று. அதன் வேர் கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களில் இருக்கிறது. மக்ஃபார்லண்ட் என்னும் சிற்றூரில் இயல்புக்கு மீறிய எண்ணிக்கையில் குழந்தைகளைப் புற்றுநோய் பீடித்தது. பூச்சிமருந்தே காரணம் என்றனர் பெற்றோர். காரணம் உறுதிப்படவில்லை என்றன அரசின் ஆய்வுகள். பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் 1988-இல் முப்பத்தாறு நாட்கள் உண்ணாநோன்பு இருந்தார். கைகால்கள் இன்றிப் பிறந்த ஒரு குழந்தையைத் தொழிலாளர் சங்கத்தின் ஆவணப்படத்தில் கண்ட அம்மையாரின் உள்ளத்தை அக்காட்சி விட்டு அகலவில்லை.

அதிலிருந்து பிறந்தவளே செரெசீத்தா. உடல் இல்லை, தலை மட்டுமே. சக்கரம் பூட்டிய பலகை மீது வைக்கப்பட்டு, மோவாயால் விசையை அழுத்தி நகர்கிறாள். நூல்களைப் படிக்கிறாள், சிந்திக்கிறாள், பேசுகிறாள். அவளைச் சன்னலருகே விடாமல் தடுப்பவர் யார்? தோட்ட முதலாளியா? அன்று, பெற்ற தாய்! ஊரார் கண்ணில் மகள் படலாகாது என்று அஞ்சுகிறாள் அத்தாய். இறந்த குழந்தைகளின் உடல்களைச் சிலுவையில் ஏற்றித் தோட்டத்தில் நிறுத்துகின்றனர் ஊர்ப் பிள்ளைகள். அத்தாயோ கதவை அடைக்கிறாள். துணை நிற்க வந்த பாதிரியாரும் தடுமாறுகிறார்.

துண்டுப் பிரசுரம் எழுதுபவன் இப்படி எழுதுவானா என்று கேட்கிறோம். அவன் கையில் தாய் தியாகத்தின் திருவுருவாகியிருப்பாள். பாதிரியார் முதல் காட்சியிலேயே வீரராகியிருப்பார். எதிரியைத் தோட்டத்தில் காட்டிய கையாலேயே அச்சத்தை வீட்டிற்குள்ளும் காட்டியவரை, பிரசாரகர் என்று தள்ளுவது எந்த நியாயம்?

சாட்டை வெளியாரிடம் மட்டும் இருக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. சிக்கானோ இயக்கத்து ஆடவர்க்கும் ஒன்று இருந்தது. இனத்தின் போராட்டம் நடக்கையில் பெண் தன் குறையைப் பேசினால் அவள் துரோகி. ஸ்பானியத் தளபதி கோர்த்தெஸுக்கு மொழிபெயர்த்த மாலின்சேயின் வாரிசு! அம்மையார் தாம் பெண்ணை நேசிக்கும் பெண் என்பதையும் ஒளிக்காமல் எழுதியவர். ஆதலால் அடி இரட்டிப்பாயிற்று. அந்த வாழ்வை ஏற்காதவரும் உளர். ஏற்காமை வேறு, எழுத்தைப் படியாமலே தீர்ப்பளித்தல் வேறு. லூயிஸ் வால்டெஸ் 1960-களிலேயே உடலற்ற ஒரு தலையை மேடையேற்றியிருந்தார். அது ஆணின் தலை. அவ்விடத்தில் அம்மையார் ஒரு பெண்ணை வைத்தார். முன்னோரின் கலையை மதித்துக்கொண்டே அதனோடு வழக்காடும் முறை இது. துரோகத்திற்கு இவ்வளவு பயபக்தி உண்டா?

இன்னொரு குற்றச்சாட்டு: ஆங்கிலத்தினூடே ஸ்பானியத்தைப் பொருள் சொல்லாமல் பெய்கிறாராம். பிரெஞ்சுத் தொடர்களைத் தூவும் ஆங்கில மேதைகளிடம் யாரும் அகராதி கேட்டதாக நாம் அறியோம்.

நாடகத்தில் தாயைக் குறைத்துக் காட்டினார் என்போர் 2019-இல் அவர் வெளியிட்ட நினைவுநூலைப் புரட்டட்டும். அவருடைய தாய் எல்விரா சிறுமியாக இருந்தபோதே, பெற்ற தந்தையால் உடன்பிறந்தாருடன் இம்பீரியல் பள்ளத்தாக்கின் பருத்திக் காடுகளுக்குக் கூலிக்கு அனுப்பப்பட்டவர். பள்ளிப் படிப்பு அதோடு நின்றது. எழுதப் படிக்கத் தடுமாறியவராகவே வாழ்ந்தார். முதுமையில் மறதிநோய் அவர் நினைவுகளை ஒவ்வொன்றாகக் கவர்ந்து சென்றது. அத்தாய் மறந்தவற்றை மகள் தம் அறுபதுகளில் அமர்ந்து ஒரு முழு நூலாக எழுதி முடித்தார்.