டிஜிட்டல் ஓவியம்: விரலே போதும், டேப் அப்புறம்!

"டிஜிட்டல் பெயின்டிங் கத்துக்கணும், டேப் வாங்கிக் கொடுங்க" என்று பிள்ளைகள் கேட்கிறார்களா? ஆசையாக வாங்கிய டேப், சில வாரங்களில் வீடியோ பார்க்க மட்டுமே பயன்படுவதும் உண்டு. பணம் போடும் முன், கையில் இருக்கும் போனில் ஒரு மாதம் வரைந்து பார்க்கலாம்.

பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி, 70 வயதைக் கடந்த பிறகு, 2009-ல்தான் ஐபோனில் கட்டைவிரலால் வரையத் தொடங்கினார். பூக்களையும் சூரிய உதயத்தையும் வரைந்து நண்பர்களுக்கு அனுப்பினார். பிறகு ஐபேடில் அவர் வரைந்த 51 வசந்தகாலப் படங்கள், 2012-ல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வந்தன.

தொடக்கத்துக்கு 'ஐபிஸ் பெயின்ட்' போன்ற இலவச ஆப் போதும். அதில் பிரஷ்கள் குவிந்து கிடக்கும், குழம்ப வேண்டாம். கோடு போட ஒன்று, வண்ணம் தீட்ட ஒன்று என இரண்டே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, லேயர். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போலத்தான் இது. மேல் லேயரில் கோடு, கீழ் லேயரில் வண்ணம். வண்ணம் பிசகினாலும் கோடு கெடாது.

பலரும் சிக்குவது 'அன்டூ' பட்டனில். ஒரே கோட்டை இருபது முறை அழித்துப் போட்டால் சலிப்புதான் மிஞ்சும். மேஜையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வையுங்கள். முதலில் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களில் அதன் நிழலையும் வெளிச்சத்தையும் பிடியுங்கள். 20 நிமிடத்தில் முடித்து, சுமாராக வந்தாலும் சேமித்துவிடுங்கள்.

மாதக் கடைசியில் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆர்வம் அப்போதும் குறையவில்லையா? தாராளமாக டேப் வாங்கலாம்!